பனிமலைப் பணியிலிருந்து திரும்பிய அண்ணனின் கண்ணில் மிதக்கும் கரும்புள்ளி

கேள்வி: குடியாத்தம் தங்கை

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் தரைப்படையில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். எங்கள் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே இல்லை என்பதால், லீவில் வருபவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆனால் சியாச்சினில் மூன்று மாதப் பணியை முடித்துவிட்டு வந்திருக்கும் அண்ணன் இம்முறை சொன்னதைக் கேட்டு எனக்கு இரண்டு நாட்களாகத் தூக்கம் இல்லை.

மேகமூட்டமான ஒரு நாளில், பாதைக்கு அடையாளமாகக் கட்டியிருந்த கயிறு பனியில் புதைந்துபோனதால், அதைத் தோண்டி எடுத்து மறுபடியும் கட்டும் வேலை அவருக்கு வந்திருக்கிறது. மூச்சுக்காற்றின் ஈரம் பட்டுப் பனிக்கண்ணாடியின் உட்புறம் உறைந்துபோகவே, வெயில்தான் இல்லையே என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஏறக்குறைய மூன்று மணி நேரம் வேலை செய்திருக்கிறார். அப்போது ஒன்றும் தெரியவில்லையாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கண்களிலும் மிளகாய்த்தூளோடு மணலைக் கலந்து போட்டதுபோல எரிச்சல் தொடங்கி, கண்ணீர் கொட்டி, இமையைப் பிரிக்கவே முடியாமல் போயிருக்கிறது. இரண்டு நாட்கள் கண்ணை மூடியபடியே படுத்திருந்தார். வெளிக்குப் போவதற்குக்கூட உடனிருந்தவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். மூன்றாம் நாள் தானாகவே சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இப்போது பத்து நாட்களாகின்றன. நந்தியாவட்டைப் பூவைப் பன்னீரில் ஊறவைத்துக் கண்ணில் விட வேண்டும் என்கிறார் அம்மா. தாய்ப்பாலுக்கு மிஞ்சிய மருந்து இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. இப்படி ஒருமுறை பனிக்குருடு வந்தவருக்குப் பார்வை நிரந்தரமாகப் பாதிக்கப்படுமா, மறுபடியும் அங்கே அனுப்பினால் எப்படிக் காத்துக்கொள்வது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். அண்ணனின் வலது கண்ணில் ஒரு சிறிய கரும்புள்ளி மிதக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். நேற்று வெள்ளைச் சுவரில் பல்லிக்குஞ்சு ஓடுகிறது என்று துடைப்பத்தை எடுத்த பிறகுதான், அது சுவரில் இல்லை, தன் கண்ணில் இருக்கிறது என்று அவருக்கே புரிந்தது.


பதில் 1: திருச்சி கண் மருத்துவர்

சகோதரி, நீங்கள் கடைசி வரிகளில் எழுதியதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். ஆகவே நானும் கரும்புள்ளியிலிருந்தே தொடங்குகிறேன்.

பனிக்குருடு என்பது கருவிழியின் மேல்தோலைப் புற ஊதாக் கதிர் சுட்டுவிடுவதால் வருவது. அது கண்ணின் வாசற்படியோடு நின்றுவிடும் நோய். மிதக்கும் புள்ளி உள்ளறையிலிருந்து வருகிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ்போன்ற பொருளில் ஏதோ ஒன்று மிதந்து, அதன் நிழல் விழித்திரையில் விழும்போதுதான் பல்லிக்குஞ்சு ஓடுகிறது. இது வயதாகும்போது பலருக்கும் தீங்கின்றி வரக்கூடியதே. ஆயினும் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் வாரக்கணக்கில் தங்கியவர் ஒருவர் இதைச் சொல்லும்போது, உயரத்தில் விழித்திரையில் ஏற்படும் இரத்தக்கசிவைத்தான் நான் முதலில் நினைப்பேன். காற்றில் பிராணவாயு குறையும்போது அதை ஈடுகட்ட விழித்திரையின் இரத்தக்குழாய்கள் விரிந்து, சில இடங்களில் கசிந்துவிடுகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாமல், கீழே இறங்கிய சில வாரங்களில் வற்றிவிடும். கசிவு பார்வை மையத்தில் அமைந்துவிட்டால் மட்டும், எதிரே நிற்பவரின் முகம் மறைந்து காதுகள் மட்டும் தெரிவதுபோன்ற தொல்லை வரும்.

ஆகவே அண்ணனை இந்த வாரத்துக்குள் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சொட்டுமருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையை முழுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குக் கண் கூசும், எழுத்து மங்கும் என்பதால் அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். புள்ளிகள் திடீரென்று கொசுக்கூட்டம்போலப் பெருகினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல ஒளி தெரிந்தாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல இருந்தாலோ வாரம் என்று பார்க்காதீர்கள். அன்றைக்கே போக வேண்டும், அது விழித்திரை கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

இனிப் பனிக்குருடு. இதே நோயை நான் திருச்சியில் ஆண்டு முழுவதும் பார்க்கிறேன், பனி என்பதே இல்லாமல். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் வேலை செய்த இளைஞர்கள் இரவு பத்து மணிக்கு மேல் கண்ணைப் பொத்திக்கொண்டு வருவார்கள். சூடு பட்டதற்கும் வலி தொடங்குவதற்கும் இடையே ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆவதால் பகலில் யாருக்கும் தெரிவதில்லை. உங்கள் அண்ணனுக்கும் அதுதான் நடந்தது. மேகம் அவரை ஏமாற்றிவிட்டது. மேகம் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் குறைக்குமே தவிர, புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. புதிதாகப் பெய்த பனி அதில் 80 சதவீதம் வரை கீழிருந்து திருப்பி அனுப்புகிறது. தொப்பியின் விளிம்பும் சாதாரணக் கறுப்புக் கண்ணாடியும் அங்கே போதாமைக்கு இதுவே காரணம். பக்கவாட்டும் கீழ்ப்புறமும் மூடிய கண்ணாடிதான் வேண்டும். அது உடைந்துவிட்டால், அட்டையையோ துணிப்பட்டையையோ கண்ணை மறைத்துக் கட்டி, பார்ப்பதற்கு நூல் அளவு கிடைமட்டக் கீறல் மட்டும் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் செய்து அணிந்தது இதைத்தான்.

கருவிழியின் மேல்தோல் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் புதிதாக வளர்ந்துவிடுவதால், ஒரு தடவை வந்த பனிக்குருடு நிரந்தரக் குருடாவதில்லை. ஆனால் பல ஆண்டுகளாகச் சேரும் கதிர், வெள்ளைவிழியிலிருந்து கருவிழி நோக்கிச் சதை வளர்வதற்கும் கண்புரை விரைவாக வருவதற்கும் காரணமாகிறது. அம்மாவிடமும் பாட்டியிடமும் என் வணக்கத்தைச் சொல்லி, நந்தியாவட்டையைச் சாமிக்கு வைக்கச் சொல்லுங்கள். தோல் உரிந்த கருவிழியில் பூச்சாறோ தாய்ப்பாலோ விழுந்தால் கிருமிக்கு விருந்து வைத்ததாகிவிடும். மூடிய இமையின்மேல் குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம், அதற்குத் தடையில்லை. இதைவிட நான் அஞ்சுவது, வலி உடனே நிற்கிறது என்று கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தைத் திரும்பத் திரும்ப விடுவதைத்தான். பரிசோதனைக்காக மருத்துவர் ஒரு சொட்டு விடுவது வேறு. அதையே கையில் வைத்துக்கொண்டு மணிக்கொருமுறை விடுபவரின் கருவிழி ஆறாமல் புண்ணாகிவிடும்.


பதில் 2: ஓய்வுபெற்ற ஹவில்தார்

அம்மா, டாக்டர் அம்மா சொன்னதற்கு மேல் மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் உங்கள் அண்ணன் இதை எம்.ஐ. ரூமில், அதாவது படைப்பிரிவின் மருத்துவ அறையில், சொல்லியிருக்க மாட்டார் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஏன் என்பதையும் சொல்கிறேன்.

எங்கள் உடல்தகுதியை எஸ், எச், ஏ, பி, ஈ என்று ஐந்து எழுத்துகளில் பிரித்து எழுதுவார்கள். கடைசி எழுத்து கண்பார்வைக்கு உரியது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் ஒன்றிலிருந்து இரண்டாகி, தகுதி ஒரு படி குறைந்துவிட்டால் பதவி உயர்வு என்னாகும், கோர்ஸ் என்னாகும், உடனிருப்பவன் என்ன சொல்வான் என்ற கணக்குத்தான் ஜவான் மனத்தில் முதலில் ஓடும். வலி பிறகுதான். நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்.

நான் ஈ.எம்.ஈ. பிரிவில் வண்டி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். ராஜஸ்தான் எல்லையில் ஒரு பயிற்சியின்போது, இறுகிப்போன முள்ளாணி ஒன்றை உளியும் சுத்தியலுமாக அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல விரிந்திருந்தது. ஓர் அடியில் இடது கண்ணில் சுருக்கென்றது. எறும்பு கடித்த அளவுகூட இல்லை. கண்ணைக் கசக்கிவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் வண்டி எண்ணைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி டூல் பாக்ஸில்தான் இருந்தது. நாற்பத்து நான்கு டிகிரி வெயிலில் வியர்வை வழிந்து மங்குகிறது என்று நானே எடுத்து வைத்தது அது.

ஏழெட்டு மாதம் கழித்து லீவில் வந்தபோது, மகனின் பிறந்தநாளுக்காக ஸ்டூடியோவில் எடுத்த படத்தைப் பார்த்த என் மனைவிதான், "உங்கள் இடது கண்ணின் பாப்பா மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?" என்று கேட்டாள். அதற்குள் இரவில் அந்தக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. நான் அதைத் தூக்கக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எள்ளில் பாதி அளவு இரும்புத்துண்டு கண்ணுக்குள்ளேயே இருந்து, துருப்பிடித்து, அந்தத் துரு கண் முழுவதும் ஊறிக்கொண்டிருந்தது என்று ஸ்கேன் எடுத்த பிறகு சொன்னார்கள். துண்டை எடுத்தார்கள், கெட்டுப்போன லென்ஸையும் எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். இன்று அந்தக் கண்ணால் ஆளை அடையாளம் காண்பேன், செய்தித்தாள் படிக்க முடியாது. அன்றே சொல்லியிருந்தால் எண் மாறியிருக்காமலும் போயிருக்கலாம், சொல்லாததால்தான் மாறியது.

கண்ணில் குத்துப்பட்டவனைப் பார்க்கும்போது நம் கை செய்கிற முதல் தவறு, ஃபர்ஸ்ட் ஃபீல்ட் டிரெஸ்ஸிங் என்னும் காயக்கட்டைப் பிரித்து இறுக்கிக் கட்டிவிடுவதுதான். கைகாலில் இரத்தத்தை நிறுத்தக் கற்றுக்கொண்ட பழக்கம் அது. கண்ணில் அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்கு ஆப்பரேஷன் செய்த மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.


கேள்வியாளரின் மறுமொழி: குடியாத்தம் தங்கை

டாக்டர் அம்மாவுக்கும் ஹவில்தார் ஐயாவுக்கும் மிக்க நன்றி. இன்று காலை வேலூரில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினோம். வலது விழித்திரையில் பார்வை மையத்திலிருந்து தள்ளி இரண்டு இடங்களில் பழைய இரத்தக்கசிவு வற்றிவரும் தடம் இருக்கிறது, கிழிசல் எதுவும் இல்லை, ஆறு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐயா பந்தயத்தில் வென்றுவிட்டார், எம்.ஐ. ரூமில் சொல்லவே இல்லையாம். இந்தச் சீட்டைக் கொண்டுபோய்ப் படைப்பிரிவு மருத்துவரிடம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று அண்ணன் இன்னும் யோசிக்கிறார். ஐயா எழுதியதை அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஸ்டூடியோ படத்தைப் பற்றிய இடத்தில் எழுந்து போய்க் கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்துவிட்டு வந்தார்.


பதில் 3: பழைய ஏடு

நான் மருத்துவரோ படைவீரரோ அல்லேன். மருத்துவ வரலாற்றில் ஆர்வம் உடையவன். ஹவில்தார் ஐயா தம் கண்ணில் செயற்கை லென்ஸ் வைத்ததாக எழுதியதைப் படித்ததும், அந்த லென்ஸே ஒரு போர்க்காயத்திலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1940 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானப்படையில் ஹரிக்கேன் என்னும் போர்விமானத்தை ஓட்டிய கோர்டன் கிளீவர், ஜெர்மானிய விமானங்களோடு மோதிக்கொண்டிருந்தபோது, அவருடைய விமான அறையின் மேல்மூடியைக் குண்டு தாக்கியது. பெர்ஸ்பெக்ஸ் என்னும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கால் ஆன அந்த மூடி நொறுங்கி, அதன் சில்லுகள் அவருடைய இரு கண்களிலும் பாய்ந்தன. புறப்பட்ட அவசரத்தில் அவர் பறக்கும்போது அணியும் பாதுகாப்புக் கண்ணாடியை அணியவில்லை என்று சொல்வார்கள். ஒரு கண் முற்றிலும் போயிற்று. மற்றொரு கண்ணில் சில்லுகள் அப்படியே தங்கிவிட்டன. அவரைப் பின்னர் பரிசோதித்த லண்டன் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்தது இதுதான்: இரும்பு தங்கிய கண் துருவேறிக் கெடுகிறது, இந்தப் பிளாஸ்டிக் தங்கிய கண்ணோ ஆண்டுக்கணக்கில் சினம்கொள்ளாமல் இருக்கிறது. அக்காலத்தில் கண்புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டி அடிபோன்ற கனத்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். எடுத்த லென்ஸின் இடத்தில் இந்தப் பிளாஸ்டிக்கையே வைத்தால் என்ன என்று ரிட்லி துணிந்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். கண்ணுக்குள் இருக்கும் அந்நியப் பொருளை எடுப்பதுதான் மருத்துவம், வைப்பதா என்று சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரைத் தூற்றினார்கள். இங்கிலாந்து அரசு அவருக்குச் சர் பட்டம் கொடுக்க 2000 ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. அப்போது அவருக்கு வயது 93. நம் பக்கத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவான அரோலாப் 1992இல் இந்த லென்ஸை மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஏழைக் கண்களுக்கும் அது எட்டியது.

போரில் கண் எவ்வளவு அகப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். உடலின் முன்பக்கப் பரப்பில் கண்களின் பங்கு 0.3 சதவீதம்கூட இல்லை. இரு உலகப் போர்களிலும் காயங்களில் ஏறக்குறைய 2 சதவீதமாக இருந்த கண்காயம், 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையினரிடையே ஏறக்குறைய 13 சதவீதமாயிற்று. கவச உடை நெஞ்சைக் காத்து ஆளைப் பிழைக்க வைத்தது. முகம் திறந்தே இருந்தது. வெடிபொருள்களும் துப்பாக்கித் தோட்டாவைவிடப் பொடிச் சில்லுகளையே அதிகம் வீசுகின்றன. அதன் பிறகுதான் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியைக் கட்டாயமாக்கும் பேச்சு வலுத்தது.

பார்வையை முற்றிலும் இழந்தவர்களுக்காக 1943இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்திய வீரர்கள் அங்கே நெசவும் தட்டச்சும் பிரெயிலும் கற்றார்கள். அதை நடத்த வந்த கிளூத்தா மெக்கன்சி, 1915இல், முதல் உலகப் போரின்போது, துருக்கியின் கலிப்போலியில் கண்ணிழந்த நியூசிலாந்து வீரர். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பிரெயில் எழுத்துமுறை வேண்டும் என்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1951இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. இன்று ஒரு குழந்தை 'அம்மா' என்று தமிழில் விரலால் தடவிப் படிப்பது அந்த முறையில்தான்.


பதில் 4: திருச்சி கண் மருத்துவர்

நண்பர் எழுதிய வரலாறு சரியானதே. ஆனால் அதைப் படித்துவிட்டு, பிளாஸ்டிக் பட்டால் பரவாயில்லை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கிளீவரின் கண்ணில் தங்கியது சுத்தமான, அசையாமல் ஓரிடத்தில் பதிந்துவிட்ட சில்லு. கண்ணிவெடி வெடிக்கும்போது கண்ணுக்குள் போவது மண்ணும் மரத்தூளும் வெடியின் உறையுமாக இருப்பதால் கிருமி கூடவே போகும். மேலும் மரமும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் தப்பிவிடும். உலோகத்திலும் இரும்பு மாதக்கணக்கில் கெடுக்கும். கலப்பற்ற செம்போ ஓரிரு நாட்களிலேயே கண்ணைச் சீழ்பிடித்ததுபோலக் கொதிக்க வைத்துவிடும்.

ஹவில்தார் ஐயா தொட்டுவிட்டுப் போன கட்டுப்போடும் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். விழி கிழிந்திருக்கிறது என்ற ஐயம் இருந்தால் கழுவவோ, இமையைப் பிரித்துப் பார்க்கவோ, குத்தியிருப்பதைப் பிடுங்கவோ கூடாது. பஞ்சு வைத்து அழுத்தினால் கண்ணுக்குள் இருப்பது வெளியே பிதுங்கிவிடும். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, அதன் விளிம்பு நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி, கண்ணைத் தொடாமல் கவிழ்த்து ஒட்டி அனுப்பினால் போதும். இரசாயனம் பட்ட கண் மட்டும் இதற்கு நேர்மாறு. அங்கே வேறெதுவும் யோசிக்காமல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சகோதரி, அண்ணனுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வற்றிவரும் கசிவோடு அதே உயரத்துக்கு மறுபடியும் ஏறுவது சரியா என்று தீர்மானிக்க வேண்டியவர் படைப்பிரிவு மருத்துவர். சீட்டைப் பார்க்காமல் அவரால் தீர்மானிக்க முடியாது. ஆறு வாரம் கழித்துத் தடம் மறைந்துவிட்டால் அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது சீட்டுதான் அவர் அஞ்சுகிற எண்ணைக் காப்பாற்றும்.

ஹவில்தார் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: எதிர்காலத்தில் யாராவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், கண்ணில் இரும்பு இருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். துணுக்கு ஏதேனும் மிஞ்சியிருந்தால் அந்தக் காந்தம் அதை அசைத்துவிடும்.


பதில் 5: ஓய்வுபெற்ற ஹவில்தார்

நன்றி, டாக்டர் அம்மா. பழைய ஏடு நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு, தகரப்பெட்டியைத் திறந்து என் டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் லென்ஸின் ஒட்டுத்தாள் இன்னும் இருக்கிறது. எண் பாதி அழிந்துவிட்டது, 'மதுரை' என்பது மட்டும் தெரிகிறது. குடியாத்தத்து மகளே, அண்ணன் எந்தத் தேதியில் திரும்புகிறார் என்று சொல்லுங்கள். காட்பாடியில் ரயில் ஏறுவதற்கு முன் அவரோடு பத்து நிமிடம் பேச விரும்புகிறேன். என் இடது கண்ணை அவர் நேரில் பார்க்கட்டும்.